கரண்ட் பிடிக்கும் அறைக்குப் பின்னால் இருக்கும் படிப்பு

இலங்கையின் கிழக்கில் உள்ள களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒரு தந்தை, தம் மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியல் கற்று முடித்துவிட்டாள் என்றும், அவளை இனி ‘எக்ஸ்ரே படிக்க’ அனுப்பலாமா என்றும் அண்மையில் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் சொன்ன அந்த ‘எக்ஸ்ரே படிப்பு’க்குள் நான்கு தனித்தனித் தொழில்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் பிள்ளைகளோடு பேசும்போதும் இதே மூட்டையைத்தான் அவிழ்க்க வேண்டியிருக்கிறது.

படத்தைப் பார்த்து நோயை நிர்ணயிக்கும் கதிரியல் விசேட வைத்திய நிபுணரும், எங்கள் ஊரில் ‘கரண்ட் பிடித்தல்’ என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சையில் புற்றுநோய்க்கு எவ்வளவு கதிர் தேவை என்று தீர்மானிக்கும் புற்றுநோய் விசேட வைத்திய நிபுணரும் முதலில் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயின்றவர்கள். படம் எடுப்பவரும் சிகிச்சைப் பொறியை இயக்குபவரும் ரேடியோகிராபர்கள். அவர்களுக்கான பட்டப்படிப்பு பேராதனையின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் உண்டு, அதற்கு உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்றிருக்க வேண்டும். நான்காமவர், என்னைப் போன்ற மருத்துவ பௌதிகவியலாளர். பௌதிகவியல் பட்டம் பெற்ற அந்தப் பெண்ணுக்குத் திறந்திருக்கும் கதவு இதுதான். எங்கள் பகுதியில் மிகக் குறைவாக அறியப்பட்ட கதவும் இதுவே.

இவர் செய்யும் வேலையை ஒரு நோயாளியைக் கொண்டு விளக்குவதே எளிது. வெற்றிலை வட்டா இல்லாத வீடு எங்கள் ஊர்ப் பக்கத்தில் அரிது. பாக்கு மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்ட போதிலும், கன்னத்தில் ஆறாத புண்ணோடு கிளினிக்கிற்கு வருபவர்களை நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது புற்றுநோய் என்று உறுதியாகி, கதிரால் மட்டும் குணப்படுத்த முயலும்போது, அத்தகைய ஒருவருக்கு வழமையாக 70 கிரே (உடல் உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு) கதிர், நாளொன்றுக்கு 2 கிரே வீதம், 35 தடவைகளாக ஏழு வாரங்களுக்குக் கொடுக்கப்படும். அதே கழுத்துக்குள் ஓடும் முண்ணாணோ 45 முதல் 50 கிரே வரையே பாதுகாப்பாகத் தாங்கும். கட்டிக்கும் முண்ணாணுக்கும் இடையே சில சென்ரிமீற்றர் மட்டும் இருக்கும்போது, கதிரை எந்தக் கோணங்களிலிருந்து, எந்த வடிவில், எவ்வளவு நேரம் செலுத்துவது என்ற கணக்கைத் திட்டமிட்டுச் சரிபார்ப்பவர் பௌதிகவியலாளர். அந்தக் கணக்கு நம்பியிருக்கும் பொறி, தான் கொடுப்பதாகச் சொல்லும் அளவை உண்மையிலேயே கொடுக்கிறதா என்று அளந்து கையொப்பமிடுபவரும் அவரே.

அளப்பது என்பது வகுப்பறையில் எளிதாகத் தோன்றும். மனித உடலின் பெரும்பகுதி நீராலானது என்பதால், கண்ணாடி போல் ஒளிபுகும் ஒரு தொட்டியில் நீரை நிரப்பி, அதற்குள் விரலளவான அயனாக்க அறையை, அதாவது கதிரை அளக்கும் காற்று நிரம்பிய சிறு கருவியை, அமிழ்த்திக் கதிரைச் செலுத்துவோம். அந்த அறைக்குள் இருக்கும் காற்றின் திணிவு வெப்பநிலைக்கேற்ப மாறும் என்பதால் ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். உயர்தரத்தில் படித்த வாயு விதிதான். ஒரு வைத்தியசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், எங்கள் சித்திரை வெயிலுக்குச் சற்றும் குறையாத ஒரு நாளில், கூரைத் தாங்கியிலிருந்து வந்த நீரைத் தொட்டியில் நிரப்பிவிட்டு, குளிரூட்டியின் திரையில் தெரிந்த 22 பாகை செல்சியசைக் கணக்கில் எழுதினேன். நீரின் வெப்பநிலை 32 பாகை. காற்று அறை நீருக்குள் இருந்ததால் அதன் வெப்பநிலையும் நீரினுடையதே. பொறி மூன்று வீதத்துக்கு மேல் குறைவாகக் கதிர் தருகிறது என்று என் தாள் காட்டியது. என் மூத்தவர் தாளைப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அந்தத் தாளை நம்பிப் பொறியின் கதிரளவைக் கூட்டியிருந்தால், மறுநாள் முதல் படுக்கும் ஒவ்வொருவரும் அதே வீதத்தால் கூடுதல் கதிரைப் பெற்றிருப்பார்கள். யாருக்கும் வலித்திருக்காது, எந்த மணியும் அடித்திருக்காது.

இது மிகை அச்சமன்று. 1996 இல் கோஸ்ற்றா ரிக்காவின் சன் ஹோசே நகரில் சிகிச்சைப் பொறிக்குக் கதிர் தரும் புதிய கோபால்ற் மூலமொன்றை அளவீடு செய்தபோது, 0.3 நிமிடம், அதாவது 18 வினாடி, 30 வினாடியாகக் கொள்ளப்பட்டது. அதனால் மூலம் உள்ளதைவிட வலுக்குறைந்ததாகத் தோன்றி, நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளர்கள் மிகையான கதிருக்கு உள்ளானார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த தசமக் கணக்குத்தான் அங்கே தவறியது. இரண்டாவது ஒருவர் தனியாக அளந்து பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கும். அந்தப் பழக்கத்தைப் பாடப்புத்தகத்தால் ஊட்ட முடியாது.

ஆகவேதான் சர்வதேச அணுசக்தி முகவரகம் பட்டப்பின் படிப்போடு நின்றுவிடாமல், வைத்தியசாலையில் மூத்தவரின் கண்காணிப்பின்கீழ் குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சியையும் வேண்டுகிறது. பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் கல்வி நிறுவகத்தில் மருத்துவ பௌதிகவியலில் முதுமாணிப் படிப்பு உண்டு. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேறெந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவதானாலும், பெற்றோர் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பாராமல், பிள்ளை எத்தனை மணித்தியாலம் உண்மையான பொறியின் அருகே நிற்கும், யார் அங்கே கற்பிப்பார், அவர் தாமே வைத்தியசாலையில் பணிபுரிபவரா என்று கேட்க வேண்டும். பதிலில் மழுப்பல் தெரிந்தால் நான் என் தங்கையை அனுப்பமாட்டேன்.

படமெடுக்கும் பக்கத்திலும் பௌதிகவியலுக்கு வேலை உண்டு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது ஏறத்தாழ 0.1 மில்லிசீவேர்ட் (உடலுக்குக் கதிரால் வரக்கூடிய பாதிப்பை மதிப்பிடும் அலகு), வயிற்று சீ.ரி. ஸ்கானில் கிடைப்பது அதைப் போலப் பல பத்து மடங்கு. தலையிடி என்றாலே ‘ஸ்கான் ஒன்று எழுதித் தாருங்கள்’ என்று கேட்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அயனாக்கும் கதிரே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் கர்ப்பிணிகள் அதற்கும் பயப்படுகிறார்கள். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி, எக்ஸ்ரே, சீ.ரி. போன்ற கதிர்ப் பொறிகள் இலங்கை அணுசக்தி ஒழுங்குமுறைப் பேரவையின் உரிமம் இன்றி இயங்க முடியாது.

பயத்தைப் பற்றிப் பேசும்போது வாழைச்சேனை மீனவர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். முதல் நாள் சிகிச்சை முடிந்ததும், “மனே, இந்தக் கரண்ட் உடம்புக்குள்ள நிக்குமா? வீட்ட போய்ப் பேரப்புள்ளையத் தூக்கலாமா?” என்று கேட்டார். பொறியை நிறுத்திய கணமே கதிரும் நின்றுவிடுகிறது, விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிஞ்சாததைப் போல, தாராளமாகத் தூக்குங்கள் என்றேன். வெளியிலிருந்து செலுத்தும் சிகிச்சைக்கு இது பொருந்தும். உடலுக்குள் கதிர் மூலத்தை வைக்கும் முறைகளுக்கும் தைரொயிட்டுக்குக் கதிர்வீசும் அயடீன் குடிக்கக் கொடுக்கும்போதும் விதிகள் வேறு. அந்த வேறுபாட்டை நோயாளிக்குப் புரியும்படி சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதிதான், ஆனால் எனக்கு அதை யாரும் வகுப்பில் கற்பிக்கவில்லை.

களுவாஞ்சிகுடித் தந்தை கடைசியாக, “படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?” என்று கேட்டார். அரச வைத்தியசாலைகளில் இப்பதவிகள் குறைவு, வெற்றிடம் அறிவிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டி வரலாம் என்று உள்ளபடி சொன்னேன். மறுவாரம் மகளையே அழைத்து வந்தார். அவள் என்னிடம் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றியல்ல. அந்த நீர்த் தொட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.