கலரை அள்ளித் தெளிக்காதீய

நம்ம பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் கடைகளுக்கு பில்லிங் ஆப் டிசைன் பண்ணப் போனா அண்ணாச்சிமாரு முதல்ல சொல்லுதது இதுதான்: "துட்டு குடுக்கோம்லா தம்பி, கொஞ்சம் கலரா போடுங்க, வெறும் வெள்ளையா கெடந்தா வேலை முடியாத மாதிரில்லா இருக்கு." அவிய கேக்கதுல தப்பு இல்ல. ஆனா ஸ்கிரீன்ல கலருக்கு அழகு காட்டுதத விட பெரிய வேலை ஒண்ணு இருக்கு, "இங்க பாரு"ன்னு கண்ணைக் கூப்பிடுதது. சேவ் பச்சை, பிரிண்ட் நீலம், ஹோல்ட் மஞ்சள், டெலீட் சிவப்பு, மேல ஹெட்டர் ஆரஞ்சுன்னு அடிச்சு விட்டா, ஆனித் தேரோட்டத்துல ஆளாளுக்கு விசில் ஊதுன கதைதான், எப்ப வடத்தை இழுக்க எப்ப நிப்பாட்டன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

மளிகைக்கடைக்காரருக்கு என்ன தெரியணும்? யாரு பாக்கி தவணை தாண்டிருச்சுன்னு தெரியணும். அதை மட்டும் சிவப்பாக்கி, சேவ் பட்டனுக்கு ஒரு நீலம், மத்ததெல்லாம் கருப்பு வெள்ளை சாம்பல்னு விட்டாலே கல்லாவுல இருக்கவரு கண்ணு நேரா அங்க போயிரும். டெலீட் எதுக்கு எப்பவும் சிவப்பா நிக்கணும்? நாள் பூரா யாரும் தொடாத பட்டன் அது, சாம்பலாவே இருக்கட்டும், "நெசமாவே அழிக்கவா?"ன்னு கேக்க பெட்டி வரும்போது சிவப்பு வந்தா போதும்.

கலரை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்க இருக்காங்க, பெரும்பாலும் பொறவியிலயே வர்றது, ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கதால ஆம்பளையளுக்குத்தான் ஜாஸ்தி, ஐரோப்பிய வம்சாவளி ஆம்பளைகள்ல ஏறக்குறைய 12 பேருக்கு ஒருத்தர்னு கணக்கு. பில் போடுத பையனுக்கே தனக்கு அது இருக்குன்னு தெரியாம இருக்கலாம். அதனால பக்கத்துலயே "பாக்கி", "கட்டியாச்சு"ன்னு எழுத்துலயும் போட்டுருங்க, வெப் பக்கம் எல்லாருக்கும் பயன்படணும்னு வச்சிருக்க டபிள்யூசிஏஜி (WCAG) விதியும் இதைத்தான் கேக்குது.

அதே விதியோட ஏஏ லெவல்ல (மூணு படியில நடுப்படி), சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேணும். வெள்ளை மேல சுத்தமான மஞ்சள் வெறும் 1.07தான். பளிச்சுன்னு தெரியுதேன்னு நாம நெனைக்க சுத்த சிவப்பே 4-கிட்டதான் வருது, சின்ன எழுத்துக்குப் பத்தாது, கொஞ்சம் அடர் சிவப்பா எடுக்கணும். சாம்பலும் ரொம்ப வெளுத்துறக் கூடாது, வெள்ளை மேல #767676ங்குத கலர் கோடு வரைக்கும் பாஸ் ஆவும். நம்மூரு மத்தியான வெயில்ல லைன் சேல்ஸ் பையன் போனைப் பாக்கும்போது தெரியும் இதோட அருமை.

நான் எப்பவும் முழுசும் சாம்பல்லயே முடிச்சுட்டுத்தான் கலரத் தொடுவேன். போன்லயே கிரேஸ்கேல் செட்டிங் இருக்கு, அதைப் போட்டும் ஸ்கிரீன் புரிஞ்சா சரி. 60-30-10னு ஒண்ணு சொல்லுவாங்க, 60 சதவீதம் முக்கியக் கலர், 30 துணைக் கலர், 10 எடுப்பான கலர்னு, என்னக் கேட்டா வேலை பாக்குத ஸ்கிரீனுக்கு அந்த 10 கூட அதிகம். தீபாவளி ஆஃபர் பேஜுன்னா வேற, அங்க இஷ்டம்போல ஆடுங்க.

கடை போர்டே சிவப்பா இருந்தா? அந்தச் சிவப்பை லோகோவோட நிறுத்திக்கிடுங்க. பட்டனுக்கும் அதே சிவப்பு, பாக்கிக்கும் அதே சிவப்புன்னா அண்ணாச்சி பாக்கியத்தான் கவனிக்காம விடுவாரு.