மருந்து, தக்கை, ரவை: வாய்வழியே கெட்டிக்கும் துப்பாக்கி

திண்ணையில் பெரியப்பா முதலில் செய்தது, துப்பாக்கிக் குழலுக்குள், வெடிமருந்தை இடித்து இறுக்கும் இடிகோலை நழுவவிட்டதுதான். கோல் அடியில் போய் மோதி "டிங்" என்றது. "காலியா இருக்கு தம்பி. உள்ள மருந்து கிடந்தா இந்தச் சத்தம் வராது, தொப்புன்னு உக்காந்துக்கும்" என்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து சிவகங்கைப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். கடலைக் கொல்லையில் இறங்கும் பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி அது.

சில ஆண்டுகள் கழித்துத் தேசிய சேவையில் என் கையில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கொடுத்தார்கள். முப்பது தோட்டா அடைத்த மேகசினைத் தட்டி மாட்டினால் வேலை முடிந்தது. குண்டு, மருந்து, தீப்பற்றவைக்கும் மூடி மூன்றும் ஒரே பித்தளைக் குப்பிக்குள் அடைபட்டு ஆலையிலிருந்தே வந்துவிடுகின்றன. சுடுபவர் எதையும் அளக்க வேண்டியதில்லை. பெரியப்பாவோ அந்தத் தோட்டாவை ஒவ்வொரு முறையும் குழலுக்குள்ளேயே கட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு மருந்து, நடுவில் என்ன அடைப்பு, எவ்வளவு இறுக்கம், எல்லாம் அவர் கைக்கணக்கு. இந்த வேலைக்குத் தமிழில் 'கெட்டித்தல்' என்று பெயர். இந்தத் துப்பாக்கியின் அறிவியலில் முக்கால்வாசி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் மருந்து. பழைய கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்திருக்கும். கரியும் கந்தகமும் எரிபொருள். அவை எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பு தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. விறகு எரிய வெளிக்காற்று வேண்டும், இதற்கு வேண்டாம். அதனால்தான் இருபுறமும் அடைபட்ட குழலுக்குள் இதனால் எரிய முடிகிறது. திறந்தவெளியில் கிடக்கும் மருந்து தீப்பட்டால் 'புஸ்' என்று சீறி அடங்கிவிடும். அதே மருந்தை ஒரு குழலின் அடியில் அடைத்துவிட்டால், பிறக்கிற சூடான வாயு போக இடமில்லாமல் அழுத்தமாக ஏறுகிறது. திறந்திருக்கும் ஒரே வழி முன்பக்கம். அங்கே குண்டு உட்கார்ந்திருக்கிறது.

மருந்தை மாவு போல நைஸாக அரைத்தால் இன்னும் வேகமாக எரியும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மாவை இறுக்கி அடைத்தால் நெருப்பு உள்ளே நுழைய இடைவெளி இருக்காது. மேல்பரப்பிலிருந்து படிப்படியாகத்தான் எரியும். அதனால் கலவையை ஈரப்படுத்தி, அழுத்தி, காயவைத்து, உடைத்துக் குருணையாக்கினார்கள். குருணைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் நெருப்பு ஓடி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வேகத்தைக் குருணையின் அளவு பார்த்துக்கொள்கிறது. பீரங்கிக்குப் பெரிய குருணை, கைத்துப்பாக்கிக்குப் பொடிக் குருணை.

சரி, திண்ணைக்கு வருவோம். பெரியப்பா மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றவில்லை. சின்ன அளவைக் குழாயில் ஊற்றி, குப்பியை மூடித் தூர வைத்துவிட்டு, பிறகு அளவையைக் கவிழ்த்தார். முந்தைய சூட்டின் கங்கு ஒன்று உள்ளே மிஞ்சியிருந்தால் பற்றப்போவது அளவையில் இருக்கிற மருந்து மட்டும்தான். குப்பியோடு சாய்த்திருந்தால் முழுக் குப்பியும் கையிலேயே வெடிக்கும். ஊற்றும்போது முகத்தை அவர் குழல்வாய்க்கு நேரே கொண்டுபோகவே இல்லை. என்னையும் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கவைத்தார்.

அடுத்து தேங்காய் நாரை உருண்டையாகச் சுருட்டி உள்ளே திணித்து, இடிகோலால் இறக்கினார். இதுதான் தக்கை. சைக்கிள் பம்புக்குள் இருக்கும் வாஷர் செய்கிற வேலையை இது செய்கிறது. தக்கை இல்லாவிட்டால் வாயு ரவைகளுக்கு, அதாவது பொடிக் குண்டுகளுக்கு, நடுவே புகுந்து முன்னால் ஓடிவிடும், தள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. தக்கைக்கு மேல் ரவை, ரவை உருண்டு வெளியே கொட்டாமலிருக்க அதன்மேல் இன்னொரு மெல்லிய தக்கை. ரவைத் துப்பாக்கிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: எந்த அளவையால் மருந்தை அளக்கிறோமோ அதே அளவையால் ரவையையும் அளக்க வேண்டும். மருந்து கூடினால் பலம் கூடும் என்று நம்பி அள்ளிப் போட்டால், ரவைக்கூட்டம் குழலைத் தாண்டியதும் சிதறி, நடுவில் பெரிய ஓட்டை விழுந்துவிடும். குறி அந்த ஓட்டை வழியே தப்பித்துவிடும்.

இடிகோலில் கத்தியால் கீறிய ஒரு கோடு இருந்தது. சரியாகக் கெட்டித்தால் அந்தக் கோடு குழல்வாயோடு ஒட்டி நிற்க வேண்டும். கோடு மேலே நின்றால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். அது பெரிய ஆபத்து. எரிந்த வாயு அந்த வெற்றிடத்தில் வேகமெடுத்து ஓடி, அசையாமல் நிற்கும் குண்டில் போய் மோதும். அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று குவிந்து குழல் வளையம்போல் புடைக்கலாம், வெடித்தும் போகலாம்.

கடைசியில்தான் தீ. குழலின் அடியில் நிற்கும் சின்னக் காம்பில் செம்புத் தொப்பி ஒன்றை மாட்டினார். எல்லோரும் கேப்பு என்பார்கள். விசையை இழுத்ததும் 'குதிரை' எனப்படும் சுத்தி அதன்மேல் அடிக்க, உள்ளே இருக்கும் அடி தாங்காத ரசாயனம் பொறியைக் கக்கி, காம்பின் துளை வழியே மருந்தைப் பற்றவைக்கிறது. அடித்ததும் பற்றும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தி 1807இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அதற்கு முன் சிக்கிமுக்கிக் கல்தான். கல் உரசி எஃகைச் சீவ, சிவந்த துணுக்குகள் வெளியே ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் விழ, அந்தச் சுடர் துளை வழியே உள்ளே போகும். வெளியே சுடர் தெரிவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரம் இருக்கும். ஃபோர்சைத் சுடப்போன பறவைகளுக்கு அந்த நேரமே பறந்துபோகப் போதுமானதாக இருந்தது.

1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு சிங்கப்பூரில் இறங்கிய வங்காளச் சிப்பாய்கள் கெட்டித்தது இந்தச் சிக்கிமுக்கி வகையைத்தான். பிறகு மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் இந்தத் தீவில் காவலுக்கு இருந்தார்கள். இன்று பொது மருத்துவமனை நிற்கும் ஊட்ரம் பகுதிக்குச் சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் வந்தது சிப்பாய்களின் குடியிருப்பால்தான். மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கொட்டி, இடித்து, சுடுவார்கள். நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மஸ்கட் துப்பாக்கிக் குழல் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் அகலம், குண்டோ சுமார் 17.5 மில்லிமீட்டர்தான். வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. நாலைந்து சூட்டிலேயே குழலுக்குள் கரி படிந்துவிடும். குண்டு இறுக்கமாக இருந்தால் பிறகு இறங்காது. ஆனால் தளர்வான குண்டு குழலின் பக்கங்களில் மோதி மோதித்தான் வெளியேறுகிறது. கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்பச் சுழன்று, போகும் வழியில் வளைகிறது. நூறு மீட்டருக்கு அப்பால் குறி வைப்பதில் அதிகப் பலனில்லை.

இதைக் கண்டு சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட நூலில் குண்டின் வேகத்தை அளக்கும் வழி இருந்தது. கனமான மரக்கட்டையை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு அதில் சுட வேண்டும். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது, கட்டையும் குண்டும் எவ்வளவு எடை என்று தெரிந்தால் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். கண்ணுக்கே தெரியாத ஒன்றை ஊஞ்சலாட்டத்தில் பிடித்த அந்த யோசனை என்னை இன்றும் மலைக்க வைக்கிறது. இன்னொரு சோதனையில் ஒரு குழலை இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் கிளம்பி, பிறகு வலப்பக்கம் திரும்பியது. வளைந்த குழலின் வலச்சுவரில் உருண்டபடி வந்ததால் ஏற்பட்ட சுழற்சிதான் அதைத் திருப்பியது. இந்த மனிதர் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் இறந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கண்டபடி சுழல்வதுதான் சிக்கல் என்றால், நாமே ஒழுங்காகச் சுழற்றிவிடலாமே? ரைஃபிள் அதைத்தான் செய்கிறது. குழலின் உட்சுவரில் திருகுபோல ஓடும் பள்ளங்கள் இருக்கும். எண்ணெய் தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து இறக்க வேண்டும். துணி பள்ளத்தைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றும், வாயுவையும் அடைக்கும். சுழலும் பம்பரம் சாயாததுபோல இந்தக் குண்டும் தன் அச்சில் நிலைத்துப் பறக்கும். ஆனால் துணியோடு இறுக்கி இறக்க நேரமாகும். 1840களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மின்யே அதற்கு வழி கண்டார்: அடிப்பக்கம் குடைந்த ஈயக் குண்டு. கெட்டிக்கும்போது தளர்வாக இறங்கும், சுடும்போது வாயு அதன் அடியை விரித்துப் பள்ளத்தில் பதித்துவிடும்.

கையால் கட்டும் எதிலும் கை தவறும். 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் களத்திலிருந்து 27,000க்கும் அதிகமான துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்தவை ஆயிரக்கணக்கில். ஒன்றில் இருபத்து மூன்று முறை. வெடித்ததா இல்லையா என்று தெரியாத அந்த இரைச்சலில் பயந்துபோன பையன்கள் மறுபடி மறுபடி இடித்திருக்கிறார்கள். பெரியப்பாவின் இடிகோல் சத்தத்தின் அருமை அதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். 1972க்குப் பிறகு பட்டாசுக்கும் தடை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மருந்து வாசனையே தெரியாது. செந்தோசாவின் சிலோசோ கோட்டைக்குப் போனால், வாய்வழியே கெட்டித்த பழைய பீரங்கிகளையாவது பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

அன்று பெரியப்பா வரப்பில் நின்று ஒரே முறை சுட்டார். ஆளே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. கருமருந்தில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதில்லை. பொட்டாசியம் உப்புகளாகப் புகையிலும் குழலிலும் தங்கிவிடுகிறது. இந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் மறுநாளே துரு ஏறும். சிங்கப்பூரின் புழுக்கத்தில் சிப்பாய்கள் இதோடு எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள்! நல்லவேளை, அது உப்பு என்பதால் தண்ணீரில் கரையும். பெரியம்மா அண்டாவில் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். குழலில் ஊற்றி, துணி சுற்றிய கோலால் பெரியப்பா தேய்த்தார். கன்னங்கரேலென்று தண்ணீர் வந்தது, கூடவே கந்தகம் செய்த வேலையாக அழுகிய முட்டை நாற்றம். மூன்றாவது முறை தெளிவாக வந்தது. வெந்நீரில் சூடான இரும்பு தானே காய்ந்தது. உள்ளே எண்ணெய் தடவினார். மூலையில் சாத்தும் முன் கோலை மறுபடி நழுவவிட்டார்.

டிங்.