எந்த மாத்திரைக்குப் பயப்பட வேண்டும்?

சென்ற வாரம் வந்த அம்மாவுக்கு 58 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவானால் இரண்டு பாதங்களிலும் மிளகாயை அரைத்துப் பூசியது போன்ற எரிச்சல். செருப்பு கழன்றாலும் தெரியாத மதமதப்பு. நான் எழுதித் தந்த பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையால் ஓரளவு தூங்கிக்கொண்டிருந்தவர், ஐந்து மாதங்களாக வரவில்லை. வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றவர்கள் பிடிபட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த மகன், அன்றிரவே அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிட்டு, எரிச்சல் திரும்பியதும் மருந்துக்கடையில் 'கால் வலிக்கு ஒரு செட்' வாங்கிக் கொடுத்திருக்கிறார். அம்மா நீட்டிய காகித உறையில், பெயர் இருந்த பகுதி போக வெட்டிய அட்டைத் துண்டுகள்தான் இருந்தன. கடைக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகே தெரிந்தது: டைக்ளோபினாக், ஒரு ஸ்டீராய்டு, ஒரு கேஸ் மாத்திரை. சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், 1.0 ஆக இருந்தது இப்போது 2.6. இந்த ஆண்டில் இந்த வழியாக என்னிடம் வந்த நான்காவது சிறுநீரகம் இது.

டைக்ளோபினாக் வீக்கத்துக்கான மருந்து, நாள்பட எடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மூட்டு வலிக்கும் பல்வலிக்கும் அது கேட்கும். சர்க்கரையால் பழுதான நரம்பு தானாகவே அனுப்பும் எரிச்சலுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்த 'செட்'டில் சற்றுச் சுகம் தெரிந்தது என்றால் அது ஸ்டீராய்டின் வேலையாக இருக்கலாம், அதே ஸ்டீராய்டுதான் சர்க்கரையையும் ஏற்றிவிட்டிருக்கும்.

"டாக்டர், இது பழகிடுமா?" என்ற கேள்வியைத் தினமும் கேட்கிறேன். கேட்பதில் தவறில்லை, ஆனால் உடல் ஒரு மருந்துக்குப் பழகுவதும், மனிதர் அதற்கு அடிமையாவதும் ஒன்றல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் ஏற மறுக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் சில மாத்திரைகளைக்கூடத் திடீரென நிறுத்தினால் படபடப்பு வரும், அழுத்தம் எகிறும். அவற்றை யாரும் போதை மாத்திரை என்பதில்லை. பிரிகாபலினைச் சட்டென நிறுத்தினால் தூக்கமின்மை, வியர்வை, குமட்டல், பதற்றம் வரலாம் என்பதால்தான் குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறோம். அடிமைத்தனம் வேறு: சொன்ன அளவுக்கு மேல் தேடுவது, வலி இல்லாதபோதும் தேடுவது, அதற்காகப் பொய் சொல்வது, வாழ்க்கை கெடுவது தெரிந்தும் விட முடியாமல் போவது. எரிச்சல் குறைந்து ஆறு மணி நேரம் தூங்குகிற ஒரு பாட்டியிடம் இதில் எதுவும் இல்லை. அமிட்ரிப்டிலினுக்கும் இதே கதைதான். இணையத்தில் பார்த்துவிட்டு, "மனநோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டீர்களே" என்று சண்டைக்கு வருகிறார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில், 10 மில்லிகிராமில் தொடங்கி, அதை நரம்பு வலிக்கு நாங்கள் தருவது நேற்று இன்று வந்த பழக்கமல்ல.

அதற்காக மகனின் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். டிரமடால் என்ற வலி மருந்து 2018 ஏப்ரலில் இந்தியாவின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. அதே வகை மருந்தான டபென்டடாலை இளைஞர்கள் போதைக்காகத் தேடி அலைவதும் உண்மை. பிரிகாபலினும் அப்பழுக்கற்றதல்ல, பிரிட்டன் 2019 ஏப்ரலில் அதைக் கட்டுப்பாட்டுக்குரிய மருந்தாக்கியது. குடிப்பழக்கம் உள்ளவர்களும் முன்பு வேறு போதைக்குப் பழகியவர்களும் அதை எளிதில் தவறாகப் பயன்படுத்திவிடக்கூடும். எனவே, ஐயா, குடிப்பதை என்னிடம் மறைக்காதீர்கள். நான் உங்கள் வீட்டுக்குச் சொல்லப் போவதில்லை. மது, தூக்க மாத்திரை, டிரமடால் வகை மருந்து, இவற்றில் எதனுடன் சேர்ந்தாலும் பிரிகாபலின் மூச்சையே மந்தமாக்கிவிடும். முதியவர்களுக்கும் நுரையீரல் நோயாளிகளுக்கும் இன்னும் ஆபத்து.

பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்காதீர்கள். வெட்டிய துண்டுகளை வாங்கவே வாங்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள அட்டையைக் கேளுங்கள், தரவில்லையென்றால் கடையை மாற்றுங்கள். மாத்திரையைச் சாமி அலமாரியில் திறந்து வைக்காமல், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். வாராவாரம் 'நரம்பு ஊசி' போட்டுக்கொள்பவர்கள் முதலில் பி12 அளவைப் பாருங்கள்: மெட்பார்மின் அதைக் குறைக்கும், குறைந்திருந்தால் ஊசி தேவைதான், ஆனால் அந்த ஊசிகளில் பெரும்பாலும் சேர்ந்திருக்கும் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

அந்த அம்மாவுக்கு இனி பழைய அளவைக்கூட என்னால் தர முடியாது. பிரிகாபலின் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. மிகக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கி, சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருமாறு மகனிடம் சொல்லியிருக்கிறேன்.