காய்ந்த கல்லிலும் காரம் இருக்கும்

போன வருஷம் கத்திரி வெயில் நேரம். சத்துவாச்சாரியில் இருந்து ஒரு தம்பி காலை ஆறு மணிக்கு போன் செய்தார். "அண்ணா, தண்ணி பால் மாதிரி கீதுண்ணா. மீனுங்க எல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது." நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு க்ளவுன் மீன்களும் அடியில் சாய்ந்து கிடந்தன. ஒரு டாம்சல் மீன் மட்டும் மூலையில் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான்கடிக் கடல்மீன் தொட்டி. அதற்குள் முந்தின நாள் மத்தியானம் வைத்த ஐந்து கற்கள். யூடியூப் பார்த்து அவரே சிமெண்டில் செய்தவை, பார்வைக்கு அசல் பவளப்பாறை போலவே இருந்தன. வார்த்து எத்தனை நாள் ஆனது என்று கேட்டேன். பன்னிரண்டு நாளாம். "மொட்டை மாடி வெயில்ல நல்லா காஞ்சிடுச்சுண்ணா" என்றார். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, பி.எச். (தண்ணீரின் காரத்தைக் காட்டும் எண்) பார்க்கும் சொட்டு மருந்தை விட்டேன். அட்டையில் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஊதாவையும் தாண்டிக் கருத்தது.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் 14 வருஷமாகக் கடல்மீன் தொட்டி அமைத்துப் பராமரிப்பதுதான் என் தொழில். வீட்டில் செய்த கல்லால் தொட்டி பாழான வீடுகளுக்கு நிறையத் தடவை போயிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் காரணம் இதே ஒன்றுதான். கல் காய்ந்துவிட்டது, காரம் அடங்கவில்லை.

வெற்றிலையில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் நாக்கு வெந்துபோகும் இல்லையா? சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது அதே சுண்ணாம்பு உள்ளே உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஈர சிமெண்டின் பி.எச். 12-க்கும் மேல். கடல் தொட்டிக்கு வேண்டியது 8.1-இல் இருந்து 8.4 வரை. வெயிலில் ஈரம் போனாலும் சுண்ணாம்பு கல்லுக்குள்ளேயேதான் இருக்கும். தொட்டிக்குள் இறக்கியதும் துளைகள் வழியே கசிந்து வெளியே வரும். தண்ணீர் பால் போல ஆவது அதனால்தான். பி.எச். ஏறினால் மீன் கழிவால் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற கொஞ்சம் அம்மோனியாவும் பல மடங்கு விஷமாகிவிடும். மீனின் செவுளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அடி.

இதைச் சொன்னவுடன் சிலர், "அப்போ சிமெண்டே வேணாம், ராமேஸ்வரம் பக்கம் போறப்போ நாலு கல் எடுத்துட்டு வந்துடறேன்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் பவளங்கள் அத்தனையையும் 2001-இல் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். யானைக்கும் புலிக்கும் இருக்கிற அதே பாதுகாப்பு. "செத்த பவளம்தானே" என்று கடையில் விற்றாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். கரையைக் காத்த பாறை போனதும் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அந்தக் கடலில் இருந்து இன்னொரு கல்லை எடுக்க எனக்கு மனசு வராது. வீட்டிலேயே கல் செய்யுங்கள் என்று நானே எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

செய்கிற முறை சிரமமில்லை. என் கணக்கு: சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் ஒரு பங்கு, கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொறுக்கு இரண்டு பங்கு, கல் உப்பு இரண்டு பங்கு. உப்பு பிற்பாடு கரைந்து போய் அந்த இடமெல்லாம் துளையாகும். அந்தத் துளைகளில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா குடியேறும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். புட்டு மாவுப் பதம், பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வழியக் கூடாது. வழிந்தால் கல் இறுகும் முன்பே உப்பு கரைந்துவிடும், துளை கிடைக்காது. குகை வேண்டுமென்றால் பி.வி.சி. குழாய்த் துண்டைச் செருகுங்கள். கட்டுக்கம்பி, செம்புக் கம்பி கூடவே கூடாது. சுவர்ப் பட்டி, கசிவு தடுக்கும் கலவை, கலர்ப் பொடி எதையும் சேர்க்காதீர்கள்.

பாலாற்று மணலையும் எடுக்காதீர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு அந்த ஆற்றில் கலந்ததைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பு எழுதியிருக்கிறது. மீனாவது தாங்கும், பவளமும் இறாலும் அந்தக் கழிவில் வரும் உலோகத்தைக் கொஞ்சம்கூடத் தாங்காது.

அப்புறம் உங்கள் கை. முதன்முதலில் நான் கல் செய்தபோது கையுறை போடாமல் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை, குளுகுளுவென்றுதான் இருந்தது. ராத்திரி சோற்றில் ரசம் ஊற்றிக் கை வைத்ததும் ஐந்து விரல் நுனியிலும் நெருப்பு பட்டது போல எரிந்தது. மறுநாள் தோல் வெள்ளையாக உரிந்து வந்தது. சிமெண்ட் சுடும்போதே வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணாடி, தூள் கொட்டும்போது முகமூடி. கையில் பட்டால் வலிக்காக காத்திராமல் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆசையாக வந்து உட்காரும் பிள்ளைகளுக்குக் கல்லின் காரம் அடங்கிய பிறகு அடுக்குகிற வேலையைக் கொடுங்கள். பிசைகிற வேலை வேண்டாம்.

சரி, காரத்தை எப்படி அடக்குவது? வார்த்த கல்லை நம் ஊர் வெயிலில் வைக்கவே கூடாது, விரிசல் விடும். நிழலில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி மூன்று நாள் தொடாமல் விடுங்கள். உப்பு கலந்த கல் முதலில் பிஸ்கட் மாதிரிதான் இருக்கும், அவசரப்பட்டுத் தூக்கினால் உடையும். ஒரு வாரம் கழித்து பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீருக்குள் முழுக்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும், பிறகு வாரம் ஒரு முறை போதும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரே இதற்குப் போதுமானது; நல்ல தண்ணீரைக் கடைசி இரண்டு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிற தண்ணீரில் உப்பும் காரமும் இருக்கும், தென்னைக்கோ செடிக்கோ ஊற்றிவிடாதீர்கள்.

தினமும் டிரம்முக்குள் எட்டிப் பாருங்கள். ஆரம்பத்தில் தண்ணீர் மேல் பால் ஏடு போல ஒரு வெள்ளைப் படலம் கட்டும். நகத்தால் தொட்டால் மெல்லிய கண்ணாடி மாதிரி பிளந்து விலகும். கல்லில் இருந்து வந்த சுண்ணாம்பு, காற்றோடு சேர்ந்து கட்டுகிற படலம் அது. வாரம் போகப் போக ஏடு மெலியும். ஒரு நாள் கட்டவே கட்டாது. அப்போதும் கல்லை எடுத்து வைத்துவிடாதீர்கள். தொட்டிக்குக் கரைக்கிற அதே கடல் உப்பை அதே அளவில், அடர்த்தி 1.025 வரும்படி கரைத்து, அதில் கல்லைப் போட்டு, சின்ன மோட்டாரை ஓடவிட்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு பி.எச். பாருங்கள். 8.4-ஐத் தாண்டவில்லை என்றால் சரி. தாண்டினால் மறுபடி டிரம். என் அனுபவத்தில் ஆறில் இருந்து எட்டு வாரம் பிடிக்கிறது, கல் கனமாக இருந்தால் அதற்கும் மேலே. வினிகர் ஊற்றினால் சீக்கிரம் ஆகிவிடும் என்பார்கள். மேல்புறக் காரம் மட்டும்தான் அடங்கும். உள்ளே இருப்பது அடுத்த வாரம் கசியும்.

காரம் அடங்கிய கல்லிலும் உயிர் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல் வாங்கிப் போட்டு, அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரும் வரை மீன் விடாமல் இருங்கள்.

சத்துவாச்சாரித் தம்பியின் ஐந்து கற்களையும் அன்றைக்கே வெளியே எடுத்து மொட்டை மாடி டிரம்மில் போட்டோம். ஒன்பதாவது வாரம் சோதனைத் தண்ணீர் 8.3 காட்டியது. வாளியில் பிழைத்திருந்த அந்த டாம்சலைக் கல் பழகிய பிறகுதான் திரும்ப விட்டோம். போன மாதம் கண்ணாடியைத் துடைக்கப் போயிருந்தேன். வலது பக்கக் கல்லின் அடியில், டார்ச் அடித்தால் தெரிகிற மாதிரி, பொட்டு அளவுக்கு ரோஜா நிறச் சுண்ணாம்புப் பாசி பிடித்திருந்தது.