கதையில் வருகிறவர்களுக்கும் வேலை வெட்டி இருக்கும்

பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக இருப்பதில் எனக்குக் கூடுதலாக வாய்த்த வேலை, கதை வாசிப்பது. திருநங்கையோ தன்பால் ஈர்ப்புள்ளவரோ வரும் கதையை எழுதிவிட்டு, “மேடம், தப்பு ஏதும் இருக்கான்னு ஒரு தடவ பாருங்க” என்று அனுப்புவார்கள். கல்லூரி மலருக்கு எழுதும் பிள்ளைகளும் உண்டு, தொகுப்பு போட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், ஆலோசனைக்கு வரும் இளசுகள் இந்த மாதிரிக் கதைகளைத்தான் கைபேசியில் தேடித்தேடிப் படிக்கிறார்கள். சிலர் முடிவை முதலில் பார்த்துவிடுவார்கள். ஆள் உயிரோடு இருந்தால்தான் மேற்கொண்டு படிப்பு.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எனக்கு வரும் கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. அக்கா சேலையைக் கட்டிப் பார்க்கும் சிறுவன், அப்பாவின் அடி, ராத்திரியோடு ரயிலேற்றம், கூவாகம் திருநங்கையர் திருவிழா, கடைசியில் சாவு. இதெல்லாம் நடக்காததல்ல. ஆனால் ரயிலேறியதற்கும் கூவாகத்துக்கும் நடுவில் அவள் எங்கே தங்கினாள், வாடகை யார் கொடுத்தது, ரேஷன் கார்டில் பேர் இருக்கிறதா, யாரோடு சண்டை, யாரிடம் கடன்? ஒன்றும் இருக்காது. கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகள் மாடு வளர்த்து, தங்களுக்கென்று பால் கூட்டுறவுச் சங்கமே வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் பால் கறந்து கேனைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருத்தி, சினைமாட்டைப் பற்றிக் கவலைப்படும் ஒருத்தி, நம் கதைகளில் ஏன் வரவே மாட்டேன் என்கிறாள்?

நம் பக்கத்துக் கதைகளில் இன்னொரு குழப்பம் அடிக்கடி வரும். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் அண்ணாவி என்கிற பாடகர் பாட, மகுடம் என்கிற மேளம் அதிர, கணியான் கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடுகிறவர்கள் ஆண்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து பெண் வேடம் போட்டுக் காணிக்கை பிரிப்பவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஒன்று தொழில், மற்றது நேர்த்திக்கடன். வேடம் கட்டியதாலேயே ஒருவரைத் திருநங்கை ஆக்கிவிடுகிறார்கள் எழுத்தாளர்கள். ஆனால் வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான் மூச்சு விடும் நேரம் என்று இருக்கிறவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். பக்கத்தில் ஆடுகிறவருக்கு அது தெரியாது. நல்ல கதை அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பேன்.

என் துறைக்கு வருகிறேன். மனநல மருத்துவர் வந்து “குணமாக்கும்” காட்சி இன்னும் எழுதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்யச் சொல்லி 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கதையில் அந்த டாக்டர் வரலாம், தவறில்லை. இப்படிச் செய்கிறவர்கள் நிஜத்திலும் இருக்கிறார்கள். அவரை நல்லவராகக் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

ஹார்மோன் விஷயத்தில் வேடிக்கையான பிழைகள் வரும். ஊசி போட்டுக்கொண்டதும் திருநங்கைக்குக் குயில் குரல் வந்துவிடும். ஒருமுறை உடைந்த குரலை ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் திரும்ப மெலிதாக்காது. குரலைப் பழகித்தான் மாற்ற வேண்டும். தாடியும் தானாகப் போகாது, லேசருக்குக் காசு சேர்க்க வேண்டும். திருநம்பிக்கு, அதாவது பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவருக்கு, டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனால் குரல் சில மாதங்களிலேயே கனக்கத் தொடங்கும், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. வீட்டுக்குத் தெரியாமல் ஆரம்பித்த ஒருவர், போனில் அம்மாவிடம் “சளி பிடிச்சிருக்கு” என்று எத்தனை நாள் ஓட்ட முடியும்?

திருநம்பிகள் கதைகளில் வருவதே அபூர்வம். ஒருவரைப் பற்றி அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். கத்திரி வெயிலில் மார்பை இறுக்கி, இரண்டு பனியன் போட்டு, மேலே முழுக்கைச் சட்டை. காலையில் கிளம்பும்போது தண்ணீர் குடிக்கமாட்டார், கல்லூரியில் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்பதற்குப் பதில் இல்லாததால். மதியச் சாப்பாட்டிலும் ரசம் ஊற்றிக்கொள்ளமாட்டார். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போய், அவர் கேட்கக் கேட்கத்தான் மற்றதெல்லாம் வெளியே வரும். பத்துப் பக்கம் “தன் உடலே தனக்குச் சிறை” என்று எழுதுவதற்கு அந்த ரசம் ஊற்றாத சோறு மேல்.

ஜமாத், அதாவது திருநங்கைகள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் குடும்பம் பற்றி எழுதுகிறவர்கள் குரு, சேலா (சிஷ்யை), நானி (பாட்டி) என்று உறவுமுறையைச் சரியாகவே போடுகிறார்கள். ஆனால் அங்கேயும் சாதி பார்ப்பார்கள், மகளுக்கும் அம்மாவுக்கும் பணத்தகராறு வரும், மருமகள் சண்டை மாதிரி ஒரு சண்டை அடுப்படியில் நடக்கும் என்பதெல்லாம் காணோம். பெற்ற வீடும் சுத்தமாக அறுந்துவிடுவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், அப்பா தூங்கிய பிறகு, “ஏட்டி, சாப்பிட்டியா?” என்று கேட்கிற அம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பகலில் அதே அம்மா பக்கத்து வீட்டில் “அவன் சென்னைல வேலைக்கு இருக்கான்” என்றுதான் சொல்வாள். இரண்டும் ஒரே ஆள்தான். ஒன்றை மட்டும் எழுதினால் அம்மா பாதிதான் வருவாள்.

போலீஸ் ஸ்டேஷன் காட்சிக்கும் கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ ஊரைவிட்டுப் போனால் வீட்டார் “காணவில்லை” என்று புகார் கொடுப்பது இன்றும் நடக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு அந்த உறவு குற்றமில்லை. 2022 முதல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று சேர்த்திருக்கிறார்கள். விதி இருந்தும் ஏட்டையா எப்படிப் பேசுவார் என்பது உங்கள் கையில். தூத்துக்குடியில் ஒரு திருநங்கையும் ஓர் இளைஞரும் செய்த திருமணத்தைப் பதிய மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணமகள்’ என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் தீர்ப்பளித்தது. அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்ததை யாராவது எழுதலாம்.

படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நம் மண்ணிலேயே முன்னோர் உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதையில் ஊர் சிரிக்கிறது, ஆனாலும் பெண்மனம் கொண்ட கோமதி செட்டியாருக்குச் சமையலில் கைப்பக்குவமும் மனசில் ஆசையும் இருக்கிறது. திப்பணம்பட்டி சு. சமுத்திரம் திருநங்கை பற்றி ‘வாடாமல்லி’ நாவல் எழுதினார். இருவரும் வெளியே நின்று எழுதியவர்கள். அப்புறம் ரேவதி, லிவிங் ஸ்மைல் வித்யா, பிரியா பாபு என்று திருநங்கைகளே எழுத வந்துவிட்டார்கள். அதையெல்லாம் படிக்காமல் சினிமாவைப் பார்த்து எழுதிய கதை முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புவதைவிட, அந்த வாழ்க்கை வாழ்கிற ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள், கதையைப் பற்றி மட்டும் கேளுங்கள். படித்ததற்குக் கூலியும் கொடுங்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுக்கிறோம் இல்லையா?