கடல் தாண்டாத வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், பணம் அனுப்பும் கடைகளின் வாசலில் வரிசை நடைபாதை வரைக்கும் வந்து நிற்கும். அன்றைய ரேட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். ஒரு கடையில் 'கட்டணம் 5 வெள்ளி' என்றிருக்கும், பக்கத்துக் கடையில் 'கட்டணமே இல்லை'. (டாலர் என்று சொல்வதெல்லாம் புதிதாக வந்தவர்கள்தான், இங்கே தமிழர்களுக்கு அது வெள்ளி.) கட்டணம் இல்லாத கடைக்குப் போவதுதானே புத்திசாலித்தனம்? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்து அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடை 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 64.80 ரேட் தருகிறது. இரண்டாவது கடை கட்டணம் வாங்காமல் 63.70 தருகிறது. ஆயிரம் வெள்ளி அனுப்பினால் முதல் கடையில் ஊருக்குப் போவது 64,476 ரூபாய், 'இலவச'க் கடையில் 63,700. அதாவது ஒன்றுமே வாங்காத கடைதான் 776 ரூபாய் அதிகம் வாங்கியிருக்கிறது. ஆனால் இதையே நூறு வெள்ளிக்குப் போட்டுப் பாருங்கள், கதை தலைகீழ்: முதல் கடையில் 6,156, இரண்டாவதில் 6,370. இந்த இரண்டு ரேட்டுக்கும் கோடு எங்கே மாறுகிறது என்றால் கிட்டத்தட்ட 295 வெள்ளியில். அதற்குக் கீழே அனுப்புகிறவருக்குக் கட்டணம் இல்லாத கடை லாபம், மேலே அனுப்புகிறவருக்கு நஷ்டம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கட்டணம் என்ற வரியில் பூஜ்யம்தான். வாங்க வேண்டியதை அடுத்த வரியில் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

சரி, இந்தச் செலவு முதலில் எங்கிருந்து வருகிறது? வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பக் காசு கேட்காத காலத்தில், பத்து இலக்க எண் ஒன்றை அனுப்ப ஏன் காசு?

பணம் போவதே இல்லை என்பதுதான் பதிலின் ஆரம்பம். நீங்கள் கொடுத்த வெள்ளி சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அம்மா எடுக்கும் ரூபாய் முன்பே இந்தியாவில் இருந்த ரூபாய். நடுவில் கடலைத் தாண்டிப் போனது ஒரு தகவல் மட்டும்தான்: "இங்கே இவரிடம் வாங்கிவிட்டேன், அங்கே அவருக்குக் கொடுத்துவிடு."

இப்படி நடக்க வேண்டுமென்றால் அனுப்பும் நிறுவனத்துக்கு இந்தியாவில் ஒரு கணக்கும், அதில் ரூபாயும் முன்கூட்டியே இருக்க வேண்டும். வெளிநாட்டு வங்கியில் நாம் வைத்திருக்கும் இந்த மாதிரிக் கணக்குக்கு நோஸ்ட்ரோ என்று பெயர், இத்தாலிய மொழியில் 'நம்முடையது'. அதே கணக்கை அந்த வெளிநாட்டு வங்கி வோஸ்ட்ரோ என்று சொல்லும், 'உங்களுடையது'. ஒரே பேரேட்டை இரண்டு பக்கமிருந்து பார்ப்பதுதான். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் இதைத்தான் செய்தார்கள்: ரங்கூனில் பணத்தைக் கட்டி உண்டிச் சீட்டு வாங்கினால் காரைக்குடியில் அதைக் காட்டிப் பணம் வாங்கலாம். 1937-இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கிளை திறந்ததன் பொருள் இப்போது புரியும். இரண்டு கரையிலும் ஒரு கல்லாப்பெட்டி இல்லாமல் இந்தத் தொழில் கிடையாது.

கல்லாவில் காசு சும்மா கிடந்தால் அதுவே செலவு. சம்பளம் வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்கு அனுப்புவார்கள், அந்தக் கூட்டத்துக்குத் தேவையான ரூபாயை முன்னாலேயே வாங்கி அடுக்கி வைக்க வேண்டும். சனி ஞாயிறு அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும், திங்கள் காலை ரேட் எங்கே நிற்குமோ தெரியாது. அதனால் சில செயலிகள் வார இறுதியில் ரேட்டைக் கொஞ்சம் இறக்கியே வைக்கும். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று அனுப்புகிறவர் தனக்குத் தெரியாமலே இந்தப் பயத்துக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்.

நேர வித்தியாசமே ஒரு வங்கியின் சாவோடு சேர்ந்து உலகத்தை உலுக்கிய கதையும் உண்டு. 1974 ஜூன் 26, ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஷ்டாட் என்ற வங்கியை அதிகாரிகள் சாயங்காலம் இழுத்து மூடினார்கள். அன்று அதனிடம் டாலர் வாங்குவதாக இருந்த வங்கிகள் ஜெர்மன் மார்க்கைக் காலையிலேயே கட்டிவிட்டன. பதிலுக்கு டாலர் வர வேண்டிய நியூயார்க்கில் அப்போதுதான் பொழுது விடிந்து வேலை ஆரம்பித்திருந்தது. மார்க் போனது, டாலர் வரவில்லை. இன்றைக்கும் இந்த ஆபத்துக்கு வங்கித் துறையில் ஹெர்ஷ்டாட் ஆபத்து என்றே பெயர். 'நான் கொடுத்துவிட்டேன், நீ இன்னும் கொடுக்கவில்லை' என்ற அந்த இடைவெளியைக் காப்பதற்கும் யாரோ காசு கட்டித்தான் ஆக வேண்டும்.

தகவல் எப்படிப் போகிறது என்று பார்த்தால், பழைய வழி ஸ்விஃப்ட். 1973-இல் பெல்ஜியத்தில் வங்கிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு நிறுவனம், இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. நிறையப் பேர் ஸ்விஃப்ட் பணத்தை அனுப்புவதாக நினைக்கிறார்கள். அது தபால்காரர் மட்டும்தான், பணத்தைத் தொடுவதே இல்லை. என் வங்கியும் உங்கள் வங்கியும் ஒன்றிடம் ஒன்று கணக்கு வைத்திருக்கவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்த மூன்றாவது வங்கி ஒன்று நடுவில் வரும், சில சமயம் நான்காவதும் வரும். ஒவ்வொருவரும் தொட்ட கைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் படிக்கும் அண்ணன் மகளுக்கு வீட்டு முன்பணத்துக்காக வங்கி வழியாக 2,000 அமெரிக்க டாலர் அனுப்பினேன். கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் மூன்று கட்டம் இருந்தது: முழுதும் அனுப்புகிறவர், இருவரும் பகிர்ந்து, முழுதும் பெறுகிறவர். பகிர்ந்துகொள்வதுதானே நியாயம் என்று நடுக்கட்டத்தில் டிக் போட்டேன். மூன்று நாள் கழித்து, "சித்தப்பா, இருபத்தஞ்சு டாலர் கொறையுது, வீட்டுக்காரர் முழுசா குடுத்தாத்தான் சாவின்னு சொல்றார்" என்று போன். அனுப்பிய வங்கியைக் கேட்டால் நாங்கள் எடுக்கவில்லை என்றார்கள், வாங்கிய வங்கியும் அதையே சொன்னது. எடுத்தது நடுவில் இருந்த வங்கி, அதன் பெயரே எனக்குத் தெரியாது. இருபத்தைந்து டாலர் அனுப்ப மறுபடியும் முப்பது டாலர் கட்டணம் என்றதும், அவள் தோழியிடம் கைமாற்று வாங்கிச் சமாளித்தாள்.

இந்தியாவுக்கு வரும்போது இன்னொரு சின்ன வெட்டும் உண்டு. வெளிநாட்டு நாணயமாகவே வந்து, அங்குள்ள வங்கி அதை ரூபாயாக மாற்றினால், மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டி. ஒரு லட்சம் வரைக்கும் தொகையின் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அதில் 18 சதவீதம். 65,000 ரூபாய்க்கு 117 ரூபாய். பெரிதில்லை, ஆனால் அம்மா பாஸ்புக்கில் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் பெயர். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயர்களைத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். இந்த மென்பொருள்களுக்கு எல்லா மனிதருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று நினைப்பு. நமக்கோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் கடைசியில், ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால், அதுவும் இரண்டு எழுத்தாக. கணினி குழம்பி நிறுத்திவிடும், அப்போது ஒரு மனிதர் உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். ஆயிரம் பரிமாற்றத்தில் சிலவற்றுக்கு மட்டும் ஆகும் இந்த ஆள் செலவைத்தான் ஆயிரம் பேர் தலையிலும் பிரித்துப் போடுகிறார்கள்.

இத்தனையும் இருக்கும்போது கட்டணத்தைக் குறைக்க உண்மையான வழி என்ன? எதிரும் புதிரும் கழிப்பது. லண்டனில் இருந்த இரண்டு எஸ்டோனியர்கள், தாவெட் ஹின்ரிகுஸ், கிறிஸ்டோ கேர்மன். ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், வாழ்வது லண்டனில். இன்னொருவருக்குச் சம்பளம் பவுண்டில், வீட்டுக் கடன் எஸ்டோனியாவில். இவர் யூரோவை அவருடைய எஸ்டோனியக் கணக்கில் போட, அவர் பவுண்டை இவருடைய லண்டன் கணக்கில் போட, ரேட்டை அன்றைய சந்தை விலையில் வைத்துக்கொண்டார்கள். எல்லையைத் தாண்டி ஒரு காசும் போகவில்லை. 2011-இல் இதையே நிறுவனமாக்கினார்கள், அதுதான் இன்றைய வைஸ். ஆனால் சிங்கப்பூர்–தமிழ்நாடு மாதிரி ஒரே திசையில் பணம் ஓடும் பாதையில் கழிப்பதற்கு எதிரில் ஆள் குறைவு. கடைசியில் யாராவது மொத்தமாக ரூபாய் வாங்கித்தான் நிரப்ப வேண்டும்.

இந்த யோசனை நமக்குப் புதிதா என்ன? வங்கிக்கு வெளியே பணம் மாற்றித்தரும் உண்டியல்காரர்கள் தலைமுறைகளாகச் செய்வது இதைத்தான். கட்டணம் கிடையாது, ரேட்டும் வங்கியைவிட நல்லது, ஒரு போன் காலில் வீட்டு வாசலில் பணம். இந்தப் பக்கம் வாங்கிய வெள்ளியை, நாட்டுக்கு வெளியே வெள்ளி தேவைப்படும் யாரோ ஒருவருக்குக் கொடுத்து, அவருடைய உள்ளூர் ரூபாயை உங்கள் வீட்டுக்குக் கொடுப்பார்கள். இலங்கையில் 2021-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். அதிகாரபூர்வ விகிதத்தை டாலருக்கு 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்திருந்தார்கள், உண்டியலில் அதைவிட நிறையக் கிடைத்தது. வெளிநாட்டில் உழைக்கிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? வங்கி வழியாக 2020-இல் 710 கோடி டாலர் வந்த நாட்டுக்கு 2021-இல் வந்தது 549 கோடி, 2022-இல் 379 கோடி. எண்ணெய்க்கும் மருந்துக்கும் டாலர் இல்லாமல் போனதற்கு இது ஒன்றே காரணமில்லை என்றாலும், ஒரு பெரிய காரணம். மத்திய வங்கி 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் சில வாரங்களிலேயே டாலர் 300-ஐத் தாண்டியது.

உண்டியல் சட்டத்துக்குப் புறம்பானது என்பது எல்லோருக்கும் தெரியும், இந்தியாவில் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. அதைவிட நடைமுறையில் பயப்பட வேண்டியது வேறு: உங்கள் அம்மா கணக்கில் ரூபாய் போடுகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அது யாரையோ இணையத்தில் ஏமாற்றிய பணமாக இருந்தால், போலீஸ் முடக்கப்போவது அம்மா கணக்கைத்தான்.

சட்டத்துக்குள்ளேயே நடுவில் இருக்கும் கைகளைக் குறைக்கும் முயற்சிதான் 2023 பிப்ரவரி 21 அன்று இந்தியாவின் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநௌவையும் இணைத்தது. இரண்டும் தத்தம் நாட்டுக்குள் நொடியில் பணம் மாற்றும் அமைப்புகள், இப்போது நேராகப் பேசிக்கொள்கின்றன. கைப்பேசி எண்ணோ யுபிஐ முகவரியோ போதும். தொடங்கியபோது நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள், ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி. நடுவங்கிகளின் சங்கிலி இதில் அறுந்துபோகிறது, எனக்கு நடந்தது போல 25 டாலர் காணாமல் போகாது. ஆனால் வெள்ளியை ரூபாயாக மாற்றுவது யார், எந்த ரேட்டில்? அதை இன்னும் ஒரு வங்கிதான் செய்கிறது, ரேட்டையும் அதுவே வைக்கிறது. குழாயை நேராக்கிவிட்டார்கள், தண்ணீரின் விலை தனி.

அடுத்தது நெக்ஸஸ். நாட்டுக்கு நாடு தனித்தனிக் குழாய் போட்டால் ஐந்து நாட்டுக்குப் பத்து இணைப்பு வேண்டும், இருபது நாட்டுக்கு 190. அதற்குப் பதில் எல்லோரும் ஒரே மையத்தில் ஒருமுறை இணைந்துகொள்வது. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஐந்தும் 2024 ஜூன் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதற்குக் கையெழுத்துப் போட்டன. இதில் ரேட்டைப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் சொல்ல இடம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காசு கரைகிற இடம் அதுதானே.

போன ஞாயிறு சிராங்கூன் சாலையில் எனக்கு முன்னால் நின்ற அறந்தாங்கிக்காரர் கையில் நல்ல கைப்பேசி, அதில் இரண்டு செயலி. அப்புறம் ஏன் அண்ணே வரிசையில் நிற்கிறீங்க என்று கேட்டேன். அவர் அனுப்புவது வாரம் இருநூறு வெள்ளி. மூன்றிலும் ஒரே தொகையைப் போட்டு, ஊரில் கையில் எவ்வளவு வரும் என்று மட்டும் பார்ப்பாராம், கட்டண வரியைப் படிப்பதே இல்லையாம். "இன்னைக்கு இந்தக் கடையில எண்பது ரூபா கூட வருது தம்பி, வீட்ல ஒரு நாள் பாலுக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.