அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு ஸ்காலர்ஷிப்: எந்தச் செலவு அடங்கும், எது குடும்பத்தின் தலையில் விழும்?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பிள்ளைக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டால் நான்கு வருடப் படிப்பும் இலவசம் என்றுதான் பல குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. சிலருக்கு அது உண்மைதான். மற்ற பலருக்குக் கிடைப்பது செலவில் ஒரு பங்கு மட்டும். அதிலும், கோச் போனில் சொன்னது வேறு, கையெழுத்துக்கு வரும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வேறு என்று ஆகிவிட வாய்ப்புண்டு. கல்லூரியைக் கட்டுப்படுத்துவது அந்த ஒப்பந்தம்தான், கோச்சின் வாய்ச்சொல் அல்ல. அதனால் அதில் வரும் ஒவ்வொரு அம்சத்துக்கும் என்ன பொருள் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், இது அரசாங்கம் தரும் உதவி அல்ல. பணம் அந்தந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறையிலிருந்து வருகிறது. எவ்வளவு தரலாம், எதற்குத் தரலாம் என்ற விதிகளைப் பெரும்பாலும் வகுப்பது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. 1906-ல் தொடங்கியது, தலைமையகம் இண்டியானாபொலிஸில். சுமார் 1,100 கல்லூரிகள் இதன் உறுப்பினர்கள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இதன் கீழ் விளையாடுகிறார்கள். கல்லூரிகள் மூன்று டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. டிவிஷன் 1-இல்தான் பணம் அதிகம். டிவிஷன் 2-இல் பெரும்பாலும் பகுதி உதவி. விளையாடும் மாணவர் எண்ணிக்கையில் மிகப் பெரியதான டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அங்கே படிப்புத் திறமைக்கோ குடும்ப வருமானத்தை வைத்தோதான் உதவி கேட்க வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1-இல் ஆடினாலும் அவையும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை. சிறிய கல்லூரிகள் பலவற்றைக் கொண்ட என்.ஏ.ஐ.ஏ., இரண்டு வருடக் கல்லூரிகளுக்கான என்.ஜே.சி.ஏ.ஏ. ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

உயர்நிலைப் பள்ளியில் விளையாடுபவர்களில் ஏறத்தாழ 2 சதவீதம் பேருக்கே கல்லூரி விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடைக்கிறது என்பது என்.சி.ஏ.ஏ.வே சொல்லும் கணக்கு. படிப்புச் செலவுக்கு இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

முழு ஸ்காலர்ஷிப்பில் என்னென்ன வரும்

நீண்ட காலம் முழு ஸ்காலர்ஷிப் என்றால் கல்விக் கட்டணம், கல்லூரியின் இதர கட்டணங்கள், தங்கும் அறை, சாப்பாடு, பாடப்புத்தகங்கள் அவ்வளவுதான். விடுமுறைக்கு வீட்டுக்குப் போக விமான டிக்கெட், போன் பில், துணிமணி, சோப்பு எல்லாம் கைக்காசு. 2015 ஜனவரியில் ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களின் (ஒன்றோடொன்று மோதும் கல்லூரிகளின் கூட்டமைப்புகள்) பிரதிநிதிகள் 79-க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்து இதை மாற்றினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல், ஒரு மாணவர் அங்கே படித்து வாழ ஆகும் மொத்தச் செலவு வரை கல்லூரி தரலாம். போக்குவரத்தும் சொந்தச் செலவுகளும் அதில் சேரும். இந்தக் கூடுதல் தொகை பல கல்லூரிகளில் வருடத்துக்கு 2,000 முதல் 5,000 டாலர் அளவில் இருக்கிறது. மொத்தச் செலவு எவ்வளவு என்று நிர்ணயிப்பது கோச் அல்ல, அந்தக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகம். அதனால் இரண்டு கல்லூரிகள் இரண்டுமே முழு ஸ்காலர்ஷிப் என்று சொன்னாலும் மாணவர் கைக்கு வரும் பணம் ஒன்றாக இருக்காது.

வளாகத்துக்கு வெளியே வாடகை வீட்டில் தங்கினால் அறைக்கும் சாப்பாட்டுக்குமான பங்கைக் கல்லூரி பணமாகவே தரும். அந்தத் தொகை கல்லூரியின் சொந்தக் கணக்குப்படி நிர்ணயிக்கப்படுவது. ஊரில் வாடகை அதற்கு மேல் போனால் மீதியைக் கட்ட வேண்டியது மாணவர்தான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2014-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தேசியச் சாம்பியன் ஆனது. அதன் நட்சத்திர வீரர் ஷபாஸ் நேப்பியர், தான் பசியோடு படுக்கப் போன இரவுகள் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். அரங்கம் நிறையக் கூட்டம், கோடிக்கணக்கில் தொலைக்காட்சிப் பணம், ஆனால் ஆடுகிற பையனுக்கு இரவில் சாப்பாடு இல்லை என்பது பலரையும் உறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் டிவிஷன் 1 கல்லூரிகள் வீரர்களுக்கு வரம்பில்லாமல் உணவும் சிற்றுண்டியும் தரலாம் என்று விதி மாறியது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் ஆடும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

இப்படி ஸ்காலர்ஷிப்போடு சம்பந்தமில்லாமல் அணியில் இருக்கிற எல்லோருக்கும் கிடைப்பவை இன்னும் சில உண்டு. சீருடை, ஷூ, போட்டிகளுக்கான பயணம், தங்கும் செலவு, பயிற்சி மையம், பிசியோ, பாடத்தில் உதவ ட்யூட்டர் எல்லாம் அணியின் செலவுக் கணக்கில் வருபவை. இவற்றையும் ஸ்காலர்ஷிப்பின் மதிப்பில் கூட்டிச் சொல்லும் கோச்சுகள் இருக்கிறார்கள். குடும்பக் கணக்கில் இவற்றைச் சேர்க்காதீர்கள்.

2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த தீர்ப்பு இன்னொரு வாசலைத் திறந்தது. கணினி, ஆய்வுக் கருவிகள், வெளிநாட்டில் படிக்கும் பருவம், மேற்படிப்பு உதவி போன்ற கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. உச்சவரம்பு வைக்க முடியாது என்றாகிவிட்டது. படிப்பில் குறிப்பிட்ட தகுதியைத் தொட்டவர்களுக்கு வருடம் 5,980 டாலர் வரை ரொக்கமும் தரலாம். கவனிக்க வேண்டியது அந்தத் ‘தரலாம்’. எல்லாக் கல்லூரிகளும் தருவதில்லை. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை என்றால் மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகைக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம். 2025-26 கல்வியாண்டில் அதன் உச்ச அளவு 7,395 டாலர். அந்த ஆண்டு வரை முழு ஸ்காலர்ஷிப் இருந்தாலும் அதற்கு மேல் இதைப் பெற முடிந்தது; 2026 ஜூலை 1 முதல், மற்ற உதவிகளே மொத்தச் செலவை முழுதும் ஈடுகட்டினால் இது கிடைக்காது. குடியுரிமை பெற்றவர்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை.

பகுதி ஸ்காலர்ஷிப்பின் கணக்கு

2025 வரை விளையாட்டுகள் இரண்டு வகையாக இருந்தன. பெரிய கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து, ஆண்கள் பெண்கள் கூடைப்பந்து, பெண்கள் டென்னிஸ், பெண்கள் கைப்பந்து, பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றில் ஸ்காலர்ஷிப் என்றால் முழுசாகத்தான். மற்ற எல்லாவற்றிலும் பங்கு போடலாம். பேஸ்பாலில் ஓர் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம் என்று வைத்து அதை ஏராளமான வீரர்களுக்குக் கூறு போட்டார்கள். ஆண்கள் நீச்சலுக்கு 9.9, ஆண்கள் டென்னிஸுக்கு வெறும் 4.5.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்ததும் இந்த முறையே போய்விட்டது. அதில் சேர்ந்துகொண்ட கல்லூரிகளுக்கு இப்போது ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் வரம்பு இல்லை. அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதில்தான் வரம்பு. அமெரிக்கக் கால்பந்தில் 105, பேஸ்பாலில் 34, ஆண்கள் நீச்சலில் 30, டென்னிஸில் 10. இத்தனை பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம், பாதி தரலாம், ஒன்றும் தராமலும் இருக்கலாம். கால்பந்திலும் கூடைப்பந்திலும்கூட இனிப் பங்கு போட முடியும். அதனால், இன்ன விளையாட்டு என்றால் முழுசாகத் தருவார்கள் என்ற பழைய நம்பிக்கை இனிச் செல்லாது.

பகுதி ஸ்காலர்ஷிப் வந்தால் அது சதவீதமா, நிலையான டாலர் தொகையா என்று முதலில் பாருங்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தச் செலவு வருடம் 60,000 டாலர். கல்லூரி 24,000 தருகிறது, அதாவது 40 சதவீதம். குடும்பம் கட்டுவது 36,000. செலவு ஒவ்வொரு வருடமும் 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் நான்காம் வருடம் மொத்தம் சுமார் 67,500 ஆகிவிடும். ஒப்பந்தத்தில் 40 சதவீதம் என்று எழுதியிருந்தால் குடும்பம் சுமார் 40,500 கட்டும். 24,000 டாலர் என்று எழுதியிருந்தால் 43,500. முதல் வருடம் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கல்விக் கட்டணத்தில் 40 சதவீதமா, மொத்தச் செலவில் 40 சதவீதமா என்பது இதைவிடப் பெரிய வித்தியாசம். அதையும் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கோடைக்கால வகுப்புகள் தனிக் கணக்கு. ஒன்பது மாத ஸ்காலர்ஷிப்பில் அவை தானாக அடங்காது.

எத்தனை வருடம், எப்போது நிறுத்தலாம்

1973 முதல் சுமார் நாற்பது வருடங்கள் ஸ்காலர்ஷிப் ஒரு வருடத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு கோடையிலும் புதுப்பிக்க வேண்டும். 2012-லிருந்து பல வருட ஒப்பந்தம் தர அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். நான்கு வருடம் என்று பேசிவிட்டு ஒரு வருடத் தேதி போட்டிருந்தால் அது ஒரு வருட ஒப்பந்தம்தான்.

ஒப்பந்தக் காலத்துக்குள் ஆட்டம் சரியில்லை என்றோ காயம் பட்டுவிட்டது என்றோ பணத்தைக் குறைக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 1 முதல் டிவிஷன் 1 முழுவதும் இந்தப் பாதுகாப்பு வலுப்பட்டிருக்கிறது. ஆனால் படிப்புத் தகுதியை இழந்தால், விண்ணப்பத்தில் பொய் சொல்லியிருந்தால், கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கையில் கடுமையான குற்றம் நிரூபணமானால், தானாகவே அணியை விட்டு விலகினால் நிறுத்தலாம். வேறு கல்லூரிக்கு மாற விரும்புபவர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டாலும் அந்தக் கல்விப் பருவத்தின் முடிவில் உதவியை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை உண்டு. சும்மா பெயர் கொடுத்துப் பார்ப்போம் என்று இறங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

படிப்புத் தகுதி என்பது பேச்சுக்கு அல்ல. டிவிஷன் 1-இல் நுழையவே உயர்நிலைப் பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் வேண்டும். சேர்ந்த பிறகு இரண்டாம் வருட முடிவில் பட்டத்தின் 40 சதவீதம், மூன்றாம் வருடம் 60, நான்காம் வருடம் 80 முடித்திருக்க வேண்டும். போட்டிகள் நடக்கும் காலத்தில் பயிற்சிக்கு வாரம் அதிகபட்சம் 20 மணி நேரம் என்பது விதி. பயணம், பிசியோ எல்லாம் அதில் எண்ணப்படுவதில்லை. லேப் வகுப்புகள் அதிகமுள்ள படிப்பை எடுக்க நினைக்கும் பிள்ளை, பயிற்சி நேரத்தோடு அது மோதுமா என்று இப்போதே அணியில் இருக்கும் மாணவர்களிடம் கேட்க வேண்டும். விரும்பிய படிப்பை விட்டுக்கொடுத்துத்தான் ஸ்காலர்ஷிப்பைக் காப்பாற்ற வேண்டும் என்றால், எனக்கு அது நல்ல பேரமாகப் படவில்லை.

காயம், வரி, விசா

விளையாட்டில் பட்ட காயத்துக்கு டிவிஷன் 1 கல்லூரிகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். அணியை விட்டுப் போன பிறகும் குறைந்தது இரண்டு வருடங்களுக்கு. 90,000 டாலரைத் தாண்டும் பேரிழப்புகளுக்கு என்.சி.ஏ.ஏ.வின் தனி காப்பீடு இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல், பல் வலி வேறு விஷயம். குடும்பத்தின் காப்பீட்டில் முதலில் கோருவார்களா, கல்லூரியே முழுக்கக் கட்டுமா என்று கேளுங்கள்.

வரி பலரும் எதிர்பார்க்காத இடத்தில் வந்து நிற்கும். பட்டப்படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணம், இதர கட்டணம், கட்டாயப் புத்தகங்கள் இவற்றுக்கான உதவிக்கு வரி இல்லை. அறை, சாப்பாடு, சொந்தச் செலவு இவற்றுக்காக வரும் பங்கு வருமானமாகக் கணக்காகும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு வரிக்குரிய பகுதியில் 14 சதவீதத்தைக் கல்லூரியே பிடித்துக்கொள்வது வழக்கம்; சில நாடுகளுடனான வரி ஒப்பந்தத்தால் அது குறையலாம். ஆக, முழு ஸ்காலர்ஷிப் பெற்ற வெளிநாட்டு மாணவரும் சில ஆயிரம் டாலர் கையில் வைத்திருக்க வேண்டிவரும்.

2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-26 முதல் ஒரு கல்லூரி ஒரு வரம்புக்குள் (அந்த ஆண்டில் 20.5 மில்லியன் டாலர்) தன் வருமானத்தை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிட்டும் தரலாம். இவை ஸ்காலர்ஷிப் அல்ல, தனி ஒப்பந்தங்கள். எஃப்-1 மாணவருக்கு வேலை செய்வதில் கடும் கட்டுப்பாடு இருப்பதால், இப்படி வரும் பணம் விசாவுக்கே ஆபத்தாக முடியலாம். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உதவியைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்க மறுத்தாலோ, கல்லூரி அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதுப்பிப்பு பற்றிய முடிவைச் சொல்லக் கெடு ஜூலை 1. கூடவே மேல்முறையீட்டு உரிமையையும் சொல்ல வேண்டும். விசாரிப்பது விளையாட்டுத் துறை அல்ல, அதற்கு வெளியே உள்ள குழு. அதற்கான காலக்கெடு கடிதத்திலேயே இருக்கும். கோச்சிடம் பேசிப் பார்த்துக்கொண்டே அந்தத் தேதியைத் தவறவிட்டுவிடக் கூடாது. மேல்முறையீட்டை எழுதி, நிதி உதவி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

பட்டம் முடிக்காமல் போனவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிவிஷன் 1-இல் முழு ஸ்காலர்ஷிப்பில் ஆடியவர், ஆடும் தகுதிக் காலம் முடிந்து பத்து வருடங்கள் வரை பட்டத்தை முடிக்க நிதி உதவி கேட்கலாம். பழைய கல்லூரியின் விளையாட்டுத் துறையில் விதிமுறைப் பிரிவைத் தொடர்புகொண்டு, பட்டம் முடிப்பதற்கான நிதி என்று கேட்டால் விண்ணப்பத்தைத் தருவார்கள்.